வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரம்

1905-ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ஓர் ஆங்கில மகளிர் இதழில் விசித்திரமான கதை ஒன்று அச்சேறியது. கமலா சத்தியநாதனை ஆசிரியராகக் கொண்ட 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் அந்த இதழ் 1901-இல் தொடங்கப்பட்டது. அதில் வெளியான 'சுல்தானாவின் கனவு' என்ற கதையில் ஒரு நாடு வருகிறது. அங்கே வீதிகளிலும் தோட்டங்களிலும் பெண்களே நடமாடுகிறார்கள். ஆண்கள் உள்ளறைகளில் அடைபட்டு வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது. மேகத்திலிருந்து நேரடியாக நீர் எடுக்கப்படுகிறது. மக்கள் வானூர்திகளில் பயணிக்கிறார்கள். இத்தனைக்கும் தொடக்கமாக அமைந்தவை அந்நாட்டு அரசியின் ஆணைகள். பெண்கள் அனைவரும் கல்வி கற்க வேண்டும் என்பது ஒன்று. 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்பது மற்றொன்று.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைக் கற்பனை செய்து 'ஹெர்லேண்ட்' நாவலை எழுதுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே இக்கதை வந்துவிட்டது. எழுதியவர் பாகல்பூரில் வசித்த, 25 வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் இல்லத்தரசி. பல்கலைக்கழகங்களைப் பற்றி அவ்வளவு துணிச்சலாகக் கனவு கண்ட அவர், அதுவரை எந்தப் பள்ளியிலும் மாணவியாகக் கால் வைத்ததில்லை.

அவர்தான் ரொக்கேயா சகாவத் ஹுசைன். வங்காளிகளுக்கு பேகம் ரொக்கேயா. பெண் கல்விக்காகப் போராடியவர் என்ற ஒற்றை வரியில் அவரை அடக்கிவிடுவது எளிது. ஆனால், அந்தப் போராட்டம் எங்கே நடந்தது என்று தேடிப்போனால், மேடைகளையும் சட்டங்களையும்விட அதிகமாக ஓரிடம் தட்டுப்படுகிறது. ஒரு சிறுமியின் வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடையே கிடந்த சில தெருக்கள்தான் அந்த இடம். அந்தத் தெருக்களைக் கடக்க அவர் கொடுத்த விலையே அவருடைய வாழ்க்கைக் கதை.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

1880 டிசம்பர் 9 அன்று, இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் மாவட்டத்திலுள்ள பைராபந்த் கிராமத்தில் ரொக்கேயா பிறந்தார். தந்தை ஜமீன்தார்; பல மொழிகள் அறிந்தவர். மகன்கள் இருவரையும் கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் படிக்க வைத்தார். மகள்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தாலே போதும் என்று கருதினார். அக்குடும்பப் பெண்கள் உருது படிக்கலாம். வங்காளமும் ஆங்கிலமும் கூடாது. வங்காளம் சுற்றியிருந்த எளிய மக்களின் மொழி, ஆங்கிலம் அந்நியரின் மொழி என்பதாலேயே இரண்டும் அந்தப்புரத்துக்குள் நுழையத் தடை.

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள அரசு மருத்துவமனையைப் பழைய தலைமுறையினர் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். பிற ஆண்களின் கண்ணில் படாமல் வாழ வேண்டிய பெண்களுக்காகத் தொடங்கப்பட்டதால் வந்த பெயர் அது. அந்தக் கோஷா முறையின் மிகக் கடுமையான வடிவம் பைராபந்த் மாளிகையில் நிலவியது. ஐந்து வயதிலிருந்தே ரொக்கேயா ஆண்களிடமிருந்து மட்டுமல்ல, வெளிப் பெண்களிடமிருந்தும் மறைந்துகொள்ள வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து உறவினர் வீட்டுப் பணிப்பெண்கள் இருவர் வந்து தங்கியபோது, அவர்கள் கண்ணில் படாமலிருக்க அந்தச் சிறுமி நாள் கணக்கில் மாடியறையில் ஒளிந்திருந்ததைப் பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

இந்த விதிகள் ஒரு மதத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. வங்காளம், பீகாரின் வசதி படைத்த குடும்பங்களில், இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும், பெண் வெளியே தெரியாமல் இருப்பதே குடும்ப கௌரவத்தின் அளவுகோல். ஆயினும், இந்து, பிரம்ம சமாஜக் குடும்பங்களின் பெண்களுக்குக் கல்கத்தாவில் ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. 1849-இல் பெத்யூன் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. 1883-இல் சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியும் பட்டம் பெற்றுவிட்டார்கள். முஸ்லிம் பெண்களுக்கான முயற்சிகள் மிகச் சில. குமில்லாவில் நவாப் பைசுன்னிசா 1873-இல் தொடங்கிய பெண்கள் பள்ளி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ரொக்கேயா போன்ற ஜமீன் வீட்டுச் சிறுமிகளுக்கு அதுவும் எட்டாத தொலைவு.

அவருக்குக் கிடைத்த பள்ளி, வீட்டுக்குள்ளேயே இருந்த இருவர். மூத்த சகோதரர் இப்ராஹிம் சாபர், தந்தை உறங்கிய பிறகு மெழுகுவத்தி ஏற்றிவைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். அக்கா கரீமுன்னிசா வங்காளம் வாசிக்க ஊக்கமளித்தார். கரீமுன்னிசாவின் கதை துயரமானது. வங்காள நூல்களை ரகசியமாகப் படித்தது தெரியவந்ததும் அவருடைய படிப்பு நிறுத்தப்பட்டு, சிறு வயதிலேயே திருமணம் முடிக்கப்பட்டது. தனக்கு மறுக்கப்பட்டதை அவர் தங்கையிடம் சேர்த்தார். தன் நூல்களில் ஒன்றை அக்காவுக்கும், 'பத்மராக்' என்ற நாவலை அண்ணனுக்கும் ரொக்கேயா காணிக்கையாக்கினார். ஒரு பெண் படிப்பதற்கு அன்று சட்டத்தைவிட ஒரு துணைதான் முதலில் தேவைப்பட்டது. அத்துணை கிடைக்காத ஆயிரமாயிரம் சிறுமிகள் இருந்தார்கள் என்பதை அவர் என்றும் மறக்கவில்லை.

கேலியும் கேள்வியும்

1890-களின் பிற்பகுதியில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் சையத் சகாவத் ஹுசைன், பாகல்பூரைச் சேர்ந்தவர், துணை மாஜிஸ்திரேட். முதல் மனைவியை இழந்தவர். வயதில் மிகவும் மூத்தவர். தாய்மொழி உருது. ஆனால், மனைவி படிப்பதிலும் எழுதுவதிலும் மகிழ்ச்சி கண்டவர். அவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாள்களில், பொழுதுபோக்காகவும் தன் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்கவும் ரொக்கேயா எழுதியதுதான் 'சுல்தானாவின் கனவு'. திரும்பிவந்த கணவர் நின்றபடியே அதைப் படித்து முடித்து, ஆண்களைப் பழிவாங்கிய கதை என்று வியந்திருக்கிறார். அதை அச்சுக்கு அனுப்பத் தூண்டியவரும் அவரே.

ஆங்கிலத்தில் எழுதியது ஒரு கதை என்றால், வங்காளத்தில் எழுதியவை போர்க்கருவிகள். 1902-இல் தொடங்கிய கட்டுரைகள் பின்னர் 'மோதிசூர்' என்ற தொகுப்பாயின. அவற்றின் பலம் கோபத்தைவிடக் கேலியில் இருந்தது. கணவன் சூரியனுக்கும் விண்மீன்களுக்கும் உள்ள தொலைவை அளக்கும்போது மனைவி தலையணை உறையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு கட்டுரையில் வேடிக்கை செய்தார். ஒரு சக்கரம் பெரிதாகவும் மறு சக்கரம் சிறிதாகவும் உள்ள வண்டி முன்னே போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும் என்று விளக்கினார்.

முஸ்லிம் சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி உண்டு. அதையே பிடித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி கூர்மையானது. மகனுக்கு நான்கு ஆசிரியர்களை அமர்த்தும் தந்தை, மகளுக்கு இரண்டு ஆசிரியர்களையாவது அமர்த்துகிறாரா? மகன் மூன்று தேர்வுகளில் வென்றால், மகள் ஒன்றரைத் தேர்விலாவது வெல்ல வழி செய்கிறாரா? சொத்தில் சொல்லப்படும் பாதிகூடக் கல்வியில் இல்லையே என்பதுதான் அவர் வாதம். சமயத்தை வெளியிலிருந்து தாக்குபவராக அவர் பேசவில்லை. கல்வியை ஆண், பெண் இருபாலருக்கும் கடமையாக்கிய சமயத்தின் பெயரால் பெண்களுக்கு அதை மறுப்பது எப்படி நியாயம் என்று உள்ளிருந்தே கேட்டார்.

ஆனால், எல்லா எல்லைகளையும் அவர் மதித்தார் என்றும் சொல்ல முடியாது. நகைகள் அடிமைத்தனத்தின் அடையாளங்கள் என்றும், சமய நூல்களின் பெயரால் ஆண்களே விதிகளை வகுத்துக்கொண்டார்கள் என்றும் 1904-இல் இதழொன்றில் எழுதியபோது எதிர்ப்பு வெடித்தது. அக்கட்டுரை நூலில் சேர்க்கப்பட்டபோது மிகக் கடுமையான ஐந்து பத்திகள் நீக்கப்பட்டிருந்தன. எழுத்தில் எதைச் சொல்லலாம், எதை விட்டுக்கொடுத்தாவது மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்ற கணக்கை அவர் அப்போதே போடத் தொடங்கிவிட்டார்.

ஐவர், பிறகு எண்மர்

வீட்டு வாழ்க்கை அவரை வாட்டியது. பிறந்த இரு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்தன. நீரிழிவு நோயால் கணவரின் பார்வை பறிபோனது. நெடுங்காலம் அவரைப் பராமரிக்கும் பொறுப்பு ரொக்கேயாவினுடையது. 1909 மே 3 அன்று சகாவத் ஹுசைன் காலமானார். பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்குவதற்காக அவர் 10,000 ரூபாயை ஒதுக்கிவைத்திருந்தார்.

28 வயதில், பிள்ளைகளின்றி, கைம்பெண்ணாக நின்ற ரொக்கேயா அழுதுகொண்டிருக்கவில்லை. ஐந்தே மாதங்களில், அக்டோபர் 1 அன்று, பாகல்பூரில் ஐந்து மாணவிகளுடன் பள்ளியைத் தொடங்கினார். ஆனால், சொத்து தொடர்பாகக் கணவரின் முதல் மனைவியின் மகள் குடும்பத்தாரோடு ஏற்பட்ட பிணக்கு அவரை அவ்வூரில் வாழவிடவில்லை. வீட்டையும் ஊரையும் விட்டு அவர் கல்கத்தா வந்தார். 1911 மார்ச் 16 அன்று, வலியுல்லா சந்து 13-ஆம் எண் வீட்டில் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி மீண்டும் பிறந்தது. இம்முறை எட்டு மாணவிகள்.

பள்ளிக்கூடமே பார்த்திராதவர் பள்ளி நடத்துவது எப்படி? பிரம்ம சமாஜத்தினரும் இந்துக்களும் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்று கவனித்துக் கற்றுக்கொண்டார். ஒரே ஆசிரியை பல மாணவிகளுக்கு ஒரே நேரத்தில் எப்படிப் பாடம் சொல்ல முடியும் என்பதே தொடக்கத்தில் அவருக்குப் புதிராக இருந்தது என்பார்கள். குர்ஆன், உருது, பாரசீகம், வங்காளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தையல், சமையல், நோயாளரைப் பேணுதல், உடற்பயிற்சி ஆகியவையும் அவருடைய பள்ளியில் இடம்பெற்றன. தந்தை தனக்கு மறுத்த வங்காளத்தைத் தன் மாணவிகளுக்குக் கொடுக்க அவர் விரும்பினார். ஆனால், கல்கத்தாவின் மேட்டுக்குடி முஸ்லிம்கள் உருது பேசியவர்கள். வங்காள வழி வகுப்புக்குப் போதிய மாணவிகள் தொடக்கத்தில் சேரவில்லை. தான் நேசித்த மொழியில் அல்லாமல், பெற்றோர் ஏற்றுக்கொண்ட மொழியில்தான் அவர் பள்ளியை நடத்த வேண்டியிருந்தது.

வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைக் கேட்டார். ஓர் இளம் விதவை தன் அழகையும் இளமையையும் விளம்பரம் செய்யவே பள்ளி நடத்துகிறாள் என்று பேசினார்கள். அதற்கெல்லாம் அவர் வாய்ச்சொல்லால் பதில் தேடவில்லை. 1915-இல் மாணவியர் எண்ணிக்கை 84 ஆனது. 1930-இல் பத்து வகுப்புகளும் கொண்ட உயர்நிலைப் பள்ளியாக அது வளர்ந்தது.

சாளரமில்லாத பேருந்து

அந்த 84 சிறுமிகளும் எப்படிப் பள்ளிக்கு வந்தார்கள் என்ற கேள்விதான் ரொக்கேயாவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். பெற்றோர் படிப்பை மறுத்ததைவிடத் தெருவைத்தான் அதிகம் அஞ்சினார்கள். வீட்டுக்குள் மகள் எதையேனும் வாசித்துக்கொண்டிருக்கட்டும். வாசலைத் தாண்டி நாலு பேர் பார்க்க நடந்துபோனால் குடும்ப மானம் என்னாவது? எனவே, பள்ளியே வாசலுக்கு வர வேண்டியிருந்தது. முதலில் மூடப்பட்ட குதிரை வண்டிகள். பிறகு மோட்டார் பேருந்து.

அந்தப் பேருந்தின் கதையை அவர் 1931-இல் வெளியிட்ட 'அபரோத்பாசினி' நூலில் எழுதியுள்ளார். பெற்றோரின் அச்சத்தைப் போக்குவதற்காக, வெளிச்சமோ காற்றோ புகாதபடி ஓர் இரும்பு அலமாரியைப்போல அந்த வண்டி கட்டப்பட்டது. முதல் நாளே உள்ளிருந்த சிறுமிகள் இருட்டிலும் புழுக்கத்திலும் வாந்தியெடுத்தார்கள், சிலர் மயங்கினார்கள், சின்னஞ்சிறியவர்கள் அழுதார்கள். ஓர் ஐரோப்பியப் பெண்மணி, இது நகர்ந்து செல்லும் பாதாளச் சிறை என்று திகைத்தார். வேறு வழியின்றிப் பலகைச் சட்டங்களைத் திறந்துவிட்டுத் திரைச்சீலைகளைத் தொங்கவிட்டார்கள்.

பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. மாலையே நான்கு கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று ஆங்கிலத்தில், மற்றவை உருதில். காற்றில் திரைச்சீலை பறக்கிறது, வண்டியில் கோஷா கெடுகிறது என்பதே எல்லாவற்றின் சாரமும். உடனே சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் பள்ளிக்கு எதிராக எழுதுவோம், பெண்களை அனுப்ப மாட்டோம் என்ற மிரட்டலும் அவற்றில் இருந்தது. மூடினால் பிள்ளைகள் மூச்சு முட்டிச் சாவார்கள். திறந்தால் பள்ளியே செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, நாளை காலை வண்டி கிளம்ப வேண்டுமே என்று கணக்குப் போட்ட ஒரு நிர்வாகியின் இக்கட்டு அது. பெண் கல்வி வரலாற்றில் இதைவிட நேர்மையான பக்கங்கள் குறைவு.

அதே நூலில் 47 நிகழ்ச்சிகள் உள்ளன. பாகல்பூரிலிருந்து பாட்னா செல்லும் வழியில் கியூல் நிலையத்தில் ரயில் மாறியபோது, ரொக்கேயாவின் தூரத்து உறவுப் பெண்மணி ஒருவர் புர்கா சிக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். உடனிருந்த பணிப்பெண், ஆண்கள் எவரும் அவரைத் தொட்டுத் தூக்கக் கூடாது என்று தடுத்தார். தனியாளாக அவரால் தூக்கவும் முடியவில்லை. காத்திருந்த ரயில் இறுதியில் கிளம்பிவிட்டது. அந்தப் பெண்மணி உயிரிழந்தார். இன்னொரு நிகழ்ச்சி, கங்கையில் நீராடக் குடும்பத்தோடு சென்ற இந்து மருமகளைப் பற்றியது. முக்காட்டின் வழியே கணவரின் வேட்டிக்கரை நிறத்தை மட்டுமே பார்த்துப் பழகிய அந்தப் பெண், கூட்டத்தில் அதே நிறக் கரை வேட்டி கட்டிய வேறொருவரின் பின்னால் நடந்துவிட்டார். சிரிப்பதா, அழுவதா என்று வாசகரைத் திணற வைக்கும் இந்த நிகழ்ச்சிகளை ரொக்கேயா எந்த விளக்கவுரையும் இல்லாமல் அடுக்கிக்கொண்டு போகிறார்.

சமரசமா?

ஒருபுறம் இப்படி எழுதியவர், மறுபுறம் தானும் புர்கா அணிந்துகொண்டு, திரையிட்ட வண்டியில் மாணவிகளை ஏற்றிவந்தார். இதை முரண்பாடு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பழமைவாதிகளுக்கு அவர் குடும்பப் பெண்களைக் கெடுப்பவர். தீவிரமான சீர்திருத்தவாதிகளின் பார்வையில் போதிய துணிவற்றவர்.

இரு குற்றச்சாட்டுகளும் அவருடைய நிலையைத் தவறவிடுகின்றன. உடலை அடக்கமாக மறைத்துக்கொள்வதையும், பெண்ணை அறைக்குள் அடைத்துவைப்பதையும் அவர் வேறுபடுத்திப் பார்த்தார். முதலாவதை ஏற்றுக்கொள்வதில் அவருக்குத் தயக்கமில்லை. இரண்டாவதற்கு எதிராகத்தான் வாழ்நாள் முழுவதும் எழுதினார். அதைவிட முக்கியமானது, தனி ஒருவராக அவர் எதை வேண்டுமானாலும் துறந்திருக்கலாம் என்பது. ஆனால், அவருடைய துணிவுக்கான தண்டனையை மாணவிகளே அனுபவிக்க வேண்டியிருக்கும். திரையை அவர் கிழித்தெறிந்திருந்தால் அடுத்த நாள் வண்டி காலியாகத்தான் ஓடியிருக்கும். வண்டிக்குள் திரையை விட்டுவைத்து, வகுப்பறைக்குள் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. படித்து முடித்த பெண் அந்தத் திரையை வைத்துக்கொள்வதா, விலக்குவதா என்று தானே முடிவு செய்துகொள்வாள் என்று நம்பினார்.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மயங்கி விழுந்த சிறுமிகள்தாம் அந்த விலையின் ஒரு பகுதியைச் செலுத்தினார்கள். ரொக்கேயா அதை அறிந்திருந்தார். அதனால்தான் பெருமிதத்தோடு அல்லாமல், கசப்போடு அந்தப் பேருந்தின் கதையை எழுதிவைத்தார். இன்று சீர்திருத்தவாதிகளின் வாழ்க்கையை எழுதும்போது நாம் வெற்றிகளை வரிசைப்படுத்துகிறோம். அவர்கள் இரவில் தூக்கமின்றிப் போட்ட இத்தகைய கணக்குகளை விட்டுவிடுகிறோம். பெண் கல்வி ஏன் இவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதற்கான விடை அக்கணக்குகளில்தான் இருக்கிறது.

ஆசிரியைகளைத் தேடி

அடுத்த தடை, கற்பிப்பவர். கோஷா முறையில் வளர்ந்த சிறுமிகளுக்கு ஆண் ஆசிரியர்கள் பாடம் நடத்த முடியாது. பயிற்சி பெற்ற ஆசிரியைகளோ கல்கத்தாவில் எளிதில் கிடைக்கவில்லை. சென்னை, கயா, ஆக்ரா போன்ற ஊர்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். தன் கதைக்கு அச்சு வழங்கிய ஊர் தன் பள்ளிக்கு ஆசிரியைகளையும் வழங்கியது ஓர் இனிய தற்செயல். ஆனால், வெளியூர் ஆசிரியைகளை நம்பியே ஒரு சமூகத்தின் கல்வி வளர முடியாது. பயிற்சிப் பள்ளி ஒன்று வேண்டும் என்று அரசிடம் விடாது வலியுறுத்தினார். அதன் பயனாக 1919-இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியை அரசு தொடங்கியது.

படிக்கும் வயதைத் தாண்டிவிட்ட பெண்களை அவர் கைவிடவில்லை. 1916-இல் 'அஞ்சுமன்-ஏ-கவாத்தீன்-ஏ-இஸ்லாம்' என்னும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கைத்தொழில் கற்றுக்கொடுப்பது, குடிசைப் பகுதிகளுக்குச் சென்று எழுத்தறிவு புகட்டுவது, ஆதரவற்றோருக்கு உதவுவது எனச் சங்கம் இயங்கியது. மாளிகையில் மறைந்து வளர்ந்தவர் குடிசை வாசல்களில் நின்றார். பின்னாளில் வங்கதேசத்தின் மாபெரும் கவிஞராகவும் மகளிர் இயக்கத் தலைவராகவும் உயர்ந்த சூஃபியா கமால், இளம் வயதில் இச்சங்கத்தில் பணியாற்றியவர். ரொக்கேயாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஷம்சுன்னாஹர் மஹ்மூதும் இங்கே உருவானவர்தான்.

1924-இல் வெளியான 'பத்மராக்' நாவலில் தாரிணி பவன் என்ற இல்லம் வருகிறது. வெவ்வேறு மதங்களையும் பகுதிகளையும் சேர்ந்த, குடும்பங்களால் கைவிடப்பட்ட பெண்கள் சேர்ந்து பள்ளியும் தொழிற்கூடமும் நோயாளர் இல்லமும் நடத்துகிறார்கள். நாயகி, தன்னை ஒரு காலத்தில் சொத்துக்காக ஒதுக்கிய கணவன் வீட்டுக்குத் திரும்ப மறுத்துத் தன் காலில் நிற்க முடிவு செய்கிறாள். 'சுல்தானாவின் கனவு' ஒரு நாட்டையே தலைகீழாக்கிப் பார்த்தது; பள்ளி தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், பெண்கள் கையில் ஒரு கட்டடமும் ஒரு தொழிலும் இருந்தாலே என்ன ஆகும் என்று இந்நாவல் காட்டியது.

எழுதி முடியாத கட்டுரை

1932 டிசம்பர் 8 இரவு வெகுநேரம் வரை அவர் மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை அது; முடியவில்லை. மறுநாள், தன் 52-ஆவது பிறந்தநாளின் அதிகாலையில் அவர் மறைந்தார். கல்கத்தாவுக்கு அருகேயுள்ள சோதேபூரில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த இடத்தில் இன்று ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது. அவர் தொடங்கிய பள்ளி, அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியாகக் கொல்கத்தாவில் இன்றும் இயங்குகிறது. டிசம்பர் 9 வங்கதேசத்தில் ரொக்கேயா நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ரொக்கேயா முதன்முதலில் பள்ளி தொடங்கிய பாகல்பூரை உள்ளடக்கிய பீகாரில், 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்தது. கிராமச் சாலைகளில் மாணவிகள் கூட்டமாக மிதிவண்டியில் செல்லும் காட்சி வழக்கமானது. உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை கணிசமாக உயர்ந்ததை ஆய்வுகள் உறுதிசெய்தன. புதிதாகப் பள்ளிகளைக் கட்டாமலே, இருந்த பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்ததன் விளைவு இது. கல்கத்தாவில் சிறுமிகள் இருட்டு வண்டிக்குள் மறைந்து சென்ற காலத்துக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுகூட இல்லை.

மறுபுறம், ஆப்கானிஸ்தானில் 2021-க்குப் பின் ஆறாம் வகுப்பைத் தாண்டிச் சிறுமிகள் பள்ளி செல்ல முடியாது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்கு மூடப்பட்டன. வீடுகளுக்குள் ரகசியமாகப் பாடம் நடப்பதாகச் செய்திகள் வருகின்றன. 1880-களில் பைராபந்தில் எரிந்த மெழுகுவத்தியை அவர்கள் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் கல்வி உரிமை சட்டமாகிவிட்டது. ஆயினும், ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லை, மாலையில் திரும்பிவரப் பேருந்து இல்லை, வழி பாதுகாப்பாக இல்லை, பள்ளியில் கழிப்பறை இல்லை என்ற காரணங்களால் பருவம் எய்தியதும் படிப்பை விடும் மாணவிகள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோரின் பழமைவாதம் என்று சொல்லி இதைக் கடந்துபோவது எளிது. ரொக்கேயா அப்படிக் கடந்துபோகவில்லை. பெற்றோரின் அச்சத்தைக் கண்டித்து எழுதியபடியே, அந்த அச்சத்துக்கு ஒரு வண்டியையும் ஏற்பாடு செய்தார். பெண் கல்வி குறித்துத் திட்டமிடும் அரசுகளும் பள்ளி நிர்வாகங்களும் சேர்க்கைப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு மாணவியும் எந்த வழியாக, எதில் ஏறி, எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதையும் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். ரொக்கேயா நூறாண்டுக்கு முன்பு தனியொருவராக அந்தக் கணக்கைத்தான் போட்டார்.